இருப்புக் கொள்ளாத ஒரு சொல்: என் காலின்ஸ் கோபில்ட் அகராதி

வந்தவாசியில் என் வீட்டுத் திண்ணையில் சாயங்காலம் ஆறு மணிக்கு ஆங்கில வகுப்பு நடக்கிறது. இப்போது பதினொரு பேர் வருகிறார்கள். ஆறாவது படிக்கிற பிள்ளை முதல், கல்லூரி முடித்துவிட்டு வேலைக்கு அலைகிறவர் வரை எல்லோரும் ஒரே பாயில்தான். கோரைப்பாய்க்குப் பேர்போன ஊர், அதனால் உட்காருவதற்குக் குறைச்சல் இல்லை. நடுவில் ஒரு பழைய தலையணை, அதன் மேல் அந்த அகராதி. தரையில் வைத்துத் திறந்தால் முதுகு விட்டுப்போகும் என்பதால் தலையணை.

காலின்ஸ் கோபில்ட், அட்வான்ஸ்டு லேர்னர்களுக்கான ஆங்கில அகராதி. 2001இல் வந்த மூன்றாம் பதிப்பு. 2006இல் சென்னை திருவல்லிக்கேணியில், பைகிராப்ட்ஸ் ரோடு என்று பழைய ஆட்கள் இன்றும் சொல்கிற பாரதி சாலையில், நடைபாதைப் பழைய புத்தகக் குவியலில் கிடைத்தது. 300 சொன்னார், 220க்குக் கொடுத்தார். செங்கல் மாதிரி கனம். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்ததில் தொடை மரத்துப்போனது இன்னும் நினைவிருக்கிறது.

ஒரு அகராதிக்கு எப்படி விமர்சனம் எழுதுவது? முழுதாகப் படித்தவர் யாரும் இருக்க மாட்டார்கள். நான் ஒரு வழி வைத்திருக்கிறேன். ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு, அந்தச் சொல் விஷயத்தில் இந்தப் புத்தகம் எனக்கும் என் பிள்ளைகளுக்கும் என்ன செய்தது என்று சொல்லிவிடுகிறேன். சொல், எக்ஸைட்டட்.

ஏன் இதை எடுத்தேன் என்றால், பிள்ளைகள் அடிக்கடி கேட்கிற சொல் இது. கிரிக்கெட் வர்ணனையில் வருகிறது, போன் விளம்பரத்தில் வருகிறது, வேலைக்குச் சேர்ந்த அண்ணன் போடும் பதிவில் வருகிறது. அவர்கள் எழுதும்போது அடிக்கடி தவறுவதும் இதில்தான். ஒவ்வொரு ஜூன் மாதமும் யாராவது ஒருவர் 'ஐ ஆம் வெரி எக்ஸைட்டிங்' என்று எழுதிக்கொண்டு வருவார்.

கோபில்ட் வாங்குவதற்கு முன்னால் என்னிடம் சட்டைப்பை அளவில் ஒரு ஆங்கிலம்-தமிழ் அகராதி இருந்தது. பெயர் வேண்டாம். அதில் எக்ஸைட் என்பதற்கு 'கிளர்ச்சியூட்டு' என்று ஒரே ஒரு சொல். அதை நம்பி நான் பல வருடம் 'எக்ஸைட்டட் என்றால் கிளர்ச்சியடைந்த' என்று கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். பிள்ளைகளும் மனப்பாடம் செய்தார்கள். ஆனால் கிளர்ச்சி என்று சொன்னதும் தமிழ்ப் பிள்ளைக்கு என்ன தோன்றும்? செய்தித்தாளில் வரும் கிளர்ச்சியாளர்கள், துப்பாக்கி, ஊரடங்கு. பெரிய பிள்ளைகளுக்கு வேறொன்று தோன்றும், அதை அவர்கள் சொல்லாமல் தலையைக் குனிந்துகொள்வார்கள். இயற்பியல் புத்தகத்தில் அணு கிளர்வு நிலைக்குப் போகிறது, அங்கே அது சரியாகப் பொருந்துகிறது. நாளைக்குப் பிறந்தநாள் என்று குதித்துக்கொண்டிருக்கும் குழந்தையைப் பார்த்து, கிளர்ச்சியடைந்த குழந்தை என்று எந்தத் தாயும் சொன்னதில்லை.

அந்தச் சொல்லில் ஒரு குற்றமும் இல்லை. கிளர்தல் என்றால் மேலெழுதல். லத்தீனில் எக்ஸைட்டின் வேரும் தட்டி எழுப்புவது, வெளியே வரச்சொல்லிக் கூப்பிடுவது என்ற பொருளில்தான் இருக்கிறது. வேரைப் பார்த்து மொழிபெயர்த்தவர் சரியாகத்தான் செய்திருக்கிறார். ஆனால் என் பிள்ளைகளுக்கு வேர் தேவைப்படவில்லை. எந்த நேரத்தில், எந்த முகத்தோடு, யார் இதைச் சொல்வார்கள் என்பதுதான் தேவை.

கோபில்டை வாங்கிவந்த அன்று ராத்திரி முதலில் புரட்டியது இந்தச் சொல்லைத்தான். அங்கே ஒரு வாக்கியம் இருந்தது. நீங்கள் எக்ஸைட்டட் ஆக இருக்கிறீர்கள் என்றால், நிம்மதியாக இருக்க முடியாத அளவுக்குச் சந்தோஷமாக இருக்கிறீர்கள். குறிப்பாக, இனிமேல் உங்களுக்கு நடக்கப்போகிற ஒரு நல்ல விஷயத்தை நினைத்துக்கொண்டிருப்பதால். நான் தமிழில் சொல்லியிருக்கிறேன். ஆங்கிலத்தில் 'ஸோ ஹாப்பி தட் யூ கெனாட் ரிலாக்ஸ்' என்று போகும்.

இரண்டு விஷயங்கள் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கின்றன. உட்கார முடியவில்லை என்பது ஒன்று. விஷயம் இன்னும் நடக்கவில்லை என்பது இன்னொன்று. அதற்கு முன் எனக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவர்கள் யாரும் இந்த இரண்டாவதைச் சொன்னதில்லை. நானும் யாருக்கும் சொன்னதில்லை.

அடியில் கொடுத்திருந்த எடுத்துக்காட்டு ஒன்று அப்படியே மனதில் நின்றுவிட்டது. யாரோ ஒருவர் ஏதோ பத்திரத்தில் கையெழுத்துப் போடப் போயிருக்கிறார். இருந்த எக்ஸைட்மென்டில் எழுதவே கை வரவில்லை என்கிறார். வீட்டுப் பத்திரமா, வேலை ஒப்பந்தமா, தெரியாது. ஆனால் ஆள் கண்ணுக்குத் தெரிகிறார். பேனாவைப் பிடித்திருக்கும் விரல் நடுங்குவது தெரிகிறது. அப்பா எங்கள் வீட்டு மனையைப் பதிவு செய்த அன்று பத்திர அலுவலகத்தில் கையெழுத்தைக் கோணலாகப் போட்டுவிட்டு, பேனா சரியில்லை என்று சொன்னார். பேனாவில் ஒன்றும் இல்லை.

இந்த அகராதியின் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதன் குணம் அங்கிருந்துதான் வருகிறது. இங்கிலாந்தில் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஜான் சின்க்ளேர் என்ற பேராசிரியர், காலின்ஸ் பதிப்பகத்தோடு சேர்ந்து 1980களில் ஒரு வேலையைத் தொடங்கினார். மக்கள் உண்மையில் எழுதிய, பேசிய ஆங்கிலத்தை மூட்டை மூட்டையாகச் சேர்த்துக் கணினியில் ஏற்றி, ஒவ்வொரு சொல்லும் எந்தச் சொற்களோடு சேர்ந்து புழங்குகிறது என்று பார்த்து, அதிலிருந்து பொருள் எழுதுவது. கோபில்ட் என்ற பெயரே காலின்ஸ், பர்மிங்காம் என்று தொடங்கும் ஒரு நீண்ட பெயரின் முதலெழுத்துகள் சேர்ந்தது. முதல் பதிப்பு 1987இல் வந்தது. 1995இல் இரண்டாம் பதிப்பு வரும்போது அந்தச் சேமிப்பு 20 கோடி சொற்களாக வளர்ந்திருந்தது.

எடுத்துக்காட்டுகளை அறைக்குள் உட்கார்ந்து யோசித்து எழுதவில்லை, அந்தக் குவியலிலிருந்து எடுத்தார்கள். அதனால்தான் கை ஓடாத அந்த ஆள் உண்மையான ஆள் மாதிரி இருக்கிறார். பொருளை முழு வாக்கியமாக எழுதியதும் அவர்கள் செய்த புதுமை. மற்ற அகராதிகளில் சொல்லுக்கு எதிரே இன்னொரு சொல், அல்லது ஒரு சொற்றொடர். இங்கே 'நீங்கள் இப்படி இருந்தால், இப்படி' என்று, வகுப்பில் ஒரு ஆசிரியர் பிள்ளையைப் பார்த்துச் சொல்வது போலவே இருக்கும். இது சுற்றி வளைப்பது, இடத்தை அடைப்பது என்று குறை சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அந்த வாக்கியம்தான் வேண்டும். எக்ஸைட்டட் ஆவது மனிதர்கள், அதற்குப் பின்னால் வருவது 'அபௌட்' என்பது வரை அந்த வாக்கியங்களிலிருந்தே பிள்ளை எடுத்துக்கொள்கிறது. நான் தனியாக இலக்கணம் நடத்த வேண்டியதில்லை.

இப்போது தமிழுக்கு வருகிறேன். அந்த வாக்கியம் புரிந்துவிட்டது, சரி. ஆனால் தமிழில் இதை என்னவென்று சொல்வது? உற்சாகம் என்றால் அது என்தூசியாஸம் பக்கம் போய்விடுகிறது. ஆர்வம் என்றால் அடங்கிப்போய் உட்கார்ந்திருக்கிறது. பரவசம் கோயில் வாசலில் நிற்கிறது. பரபரப்பு கிட்டத்தில் வருகிறது, ஆனால் அதில் சந்தோஷம் கட்டாயம் இல்லை. நான் வருடக்கணக்காக இதை மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்தேன்.

விடை கொடுத்தவர் ஒரு பிள்ளையின் ஆயா. ஏழாவது படிக்கும் பெண். பள்ளியில் வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தார்கள். முதல் நாள் சாயங்காலம் வகுப்புக்கு வந்தவள் ஒரு இடத்தில் உட்காரவில்லை. தண்ணீர் பாட்டிலை அப்போதே நிரப்பிக் கையில் வைத்திருந்தாள். காலையில் நாலரைக்குப் பஸ், நாலரைக்குப் பஸ் என்று மூன்று பேரிடம் தனித்தனியாகச் சொன்னாள். நோட்டில் தேதியை எழுதினாள், அழித்தாள், மறுபடி எழுதினாள். கூட்டிப்போக வந்த ஆயா வாசலில் நின்றபடியே சொன்னார்: "ஒரு வாரமா இப்படித்தாம்மா இருக்குது இது. சோறு எறங்கல. நேத்து ராவெல்லாம் எழுந்து எழுந்து மணி பாக்குது. இருப்புக் கொள்ளல அதுக்கு."

நான் எழுந்து உள்ளே போய் அகராதியைத் திறந்து அந்த வாக்கியத்தை மறுபடி படித்தேன். ஸோ ஹாப்பி தட் யூ கெனாட் ரிலாக்ஸ். இருப்புக் கொள்ளவில்லை. நடக்கப்போவதை நினைத்து. பர்மிங்காமில் கோடிக்கணக்கான சொற்களைச் சலித்து எடுத்த பொருளை, வந்தவாசி ஆயா வாசற்படியில் நின்றுகொண்டு, பேத்தியைப் பார்த்தே சொல்லிவிட்டார். ஓரத்தில் பென்சிலால் எழுதிவைத்தேன். இன்றும் இருக்கிறது, கொஞ்சம் மங்கிவிட்டது.

அன்றிலிருந்து 'எக்ஸைட்டட் என்றால் என்ன' என்று நான் பொருள் சொல்வதில்லை. சுற்றுலாவுக்கு முந்தின நாள் ராத்திரி உனக்கு எப்படி இருந்தது என்று கேட்கிறேன். தூக்கம் வரல மிஸ், கால் தரையில நிக்கல மிஸ், சும்மா சும்மா பைய திறந்து பாத்தேன் மிஸ். அதுதான் எக்ஸைட்டட் என்று சொல்லி, பிறகு புத்தகத்தைத் திறக்கச் சொல்கிறேன். பொருளைக் கையில் வைத்துக்கொண்டு அகராதிக்குப் போகிற பிள்ளை அந்த வாக்கியத்தைப் படித்ததும் தலையை ஆட்டும். அந்தத் தலையாட்டலுக்காகவே இந்தப் புத்தகத்தைத் தூக்கி வைத்துக் கொண்டாடலாம்.

அப்புறம் 'ஐ ஆம் எக்ஸைட்டிங்' விவகாரம். இதில் பிள்ளைகளைத் திட்டுவதற்கு ஒன்றுமே இல்லை, தவறு வருவதற்கு நம் மொழியின் அழகு காரணம். தமிழில் 'எனக்கு ஜாலியா இருக்கு' என்கிறோம். 'படம் ஜாலியா இருக்கு' என்றும் சொல்கிறோம். 'ஜாலியா' இரண்டிலும் ஒன்றுதான். எனக்கு என்பதில் ஒட்டியிருக்கும் 'கு' வேலையை முடித்துவிடுகிறது. நான்காம் வேற்றுமை வந்தால் அனுபவிக்கிற ஆள். வராவிட்டால் அனுபவத்தைத் தருகிற பொருள். 'எனக்கு எக்ஸைட்டிங்கா இருக்கு' என்று பேச்சுத் தமிழில் சொன்னால் அது முழுக்கச் சரி.

ஆங்கிலத்தில் அந்த உருபு கிடையாது. 'நான்' சொல்ல வேண்டிய இடத்திலும் 'எனக்கு' சொல்ல வேண்டிய இடத்திலும் பெரும்பாலும் ஒரே 'ஐ'தான் நிற்கிறது. அதனால் நாம் ஆளின் வாலில் வைத்த வேறுபாட்டை அவர்கள் சொல்லின் வாலில் வைத்திருக்கிறார்கள். அனுபவிக்கிறவருக்கு எக்ஸைட்டட். அனுபவத்தைத் தருவதற்கு எக்ஸைட்டிங். எனவே பிள்ளைகளிடம், முதலில் தமிழில் சொல்லிப் பார், 'கு' வந்தால் 'ட்டட்', வராவிட்டால் 'ட்டிங்' என்கிறேன். போர்ட், போரிங், டயர்ட், டயரிங் எல்லாவற்றுக்கும் இது ஓடுகிறது. 'எனக்கு போர் அடிக்குது', ஐ ஆம் போர்ட். 'இந்தப் பாடம் போர்', இட் இஸ் போரிங்.

ஒரு பையன், கெட்டிக்காரன், "அப்போ மனுஷங்களுக்கு எக்ஸைட்டிங் வரவே வராதா மிஸ்?" என்று கேட்டான். வரும். முதல் பந்தையே தூக்கி அடித்துக் கூட்டத்தை எழுந்து நிற்க வைக்கிற ஆட்டக்காரர் எக்ஸைட்டிங் பிளேயர். எழுந்து நிற்கிற நாம் எக்ஸைட்டட். 'ஐ ஆம் எக்ஸைட்டிங்' என்று ஒரு இன்டர்வியூவில் சொன்னால், எதிரில் இருப்பவர்களை எழுந்து நிற்க வைப்பேன் என்று தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வதாகிவிடும். அவன் அதை எழுதிக்கொண்டான்.

கோபில்ட் இந்த இரண்டு சொல்லையும் தனித்தனித் தலைப்பில் கொடுத்திருக்கிறது. ஒன்றின் வாக்கியம் 'நீங்கள்' என்று ஆளில் தொடங்குகிறது, மற்றதன் வாக்கியம் 'ஒரு விஷயம்' என்று பொருளில் தொடங்குகிறது. இரண்டையும் அடுத்தடுத்து வாசித்துக் காட்டினால் போதும்.

இனி இரண்டாவது பொருள். இதற்காக இந்தப் புத்தகத்துக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

2009இல் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து ஆஞ்சியோ செய்தார்கள். தபால் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், ஆங்கிலம் நன்றாகப் படிப்பார். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர், "டோன்ட் கெட் எக்ஸைட்டட்" என்று சொன்னாராம். அப்பா அதை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டார். அவருக்குத் தெரிந்த எக்ஸைட்மென்ட், சந்தோஷம். அதனால் கிரிக்கெட் பார்ப்பதை நிறுத்தினார். என் தம்பி வீட்டில் பெண் பிறந்தது என்று போன் வந்தபோது, கேட்டுவிட்டு, "சரி, நல்லது" என்று போனை வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். முகத்தைத் தொங்கப்போட்டே இருந்தார். அம்மா பயந்துபோனார். உடம்பு இன்னும் சரியாகவில்லையோ என்று எங்களுக்குச் சந்தேகம். இரண்டு வாரம் கழித்துத்தான் காரணத்தைச் சொன்னார்: டாக்டர் சந்தோஷப்படக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்.

புத்தகத்தைக் கொண்டுபோய் அவர் மடியில் வைத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவரே படித்தார். இரண்டாவது பொருள், கவலையோ கோபமோ வந்து, உஷாராகி, நிம்மதியில்லாமல் இருப்பது. அங்கேயும் அதே 'கெனாட் ரிலாக்ஸ்'. எடுத்துக்காட்டில் பணவீக்கத்தைப் பார்த்து யாரும் எக்ஸைட்டட் ஆகத் தேவையில்லை என்று ஒருவர் சொல்கிறார். பணவீக்கத்தைப் பார்த்து யார் சந்தோஷப்படுவார்கள்? அப்பா அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார். "அப்போ படபடக்காதேன்னு சொல்லியிருக்கார்" என்றார். ஆமாம்பா, டென்ஷன் ஆகாதீங்கன்னு நாம சொல்றமே, அது. மறுபடியும் ஒரு தடவை டாக்டரிடம் போனில் கேட்டு உறுதி செய்துகொண்டோம். பேத்தியைப் பார்க்கலாம், சிரிக்கலாம், மேட்ச் பார்க்கலாம், கடைசி ஓவரில் மட்டும் எழுந்து நிற்க வேண்டாம் என்றார். அன்று மாலையே பேத்தியைப் பார்க்கப் புறப்பட்டார். வேட்டி மடிப்பைச் சரிசெய்ய அவருக்கு மூன்று தடவை ஆனது.

சந்தோஷத்துக்கும் கவலைக்கும் ஒரே சொல் எப்படி என்று பிள்ளைகள் கேட்பார்கள். உடம்புக்கு இரண்டும் ஒன்றுதான். தேர்வு முடிவு வருகிற காலையில் நெஞ்சு அடித்துக்கொள்வது பயத்திலா, ஆசையிலா? மகள் பேறுகால அறைக்குள் போனபின் வெளியே நிற்கிற அம்மாவுக்கு இருப்புக் கொள்ளாது. மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள் என்றாலும் இருப்புக் கொள்ளாது. நம் தொடரும் இரண்டு பக்கமும் போகிறது. அந்தப் பொருத்தம் எனக்கு இன்றுவரை ஆச்சரியம்.

பக்கத்து வீட்டுச் சொல் த்ரில். இதையும் இந்த அகராதியில் பார்க்கலாம். திடீரென்று வரும் பெரிய எக்ஸைட்மென்ட், இன்பம், அல்லது பயம் என்று விளக்கம் சொல்கிறது. திடீரென்று என்பதுதான் சங்கதி. எக்ஸைட்மென்ட் ஒரு வாரம் இருக்கலாம், த்ரில் முதுகில் ஒரு நொடி ஓடிவிட்டுப் போய்விடும். நம் சிலிர்ப்பு, புல்லரிப்பு அதற்கு அப்படியே பொருந்தும். ஆனால் தமிழ்நாட்டில் த்ரில் என்ற சொல் சினிமா வழியாக வந்ததால் பயத்தின் பக்கம் சாய்ந்துவிட்டது. த்ரில்லர் படம், நடுராத்திரி, கதவு தானாகத் திறக்கிறது. அதனால் 'உங்கள் கல்யாணச் செய்தி கேட்டு ஐ ஆம் த்ரில்ட்' என்று ஒரு கடிதம் வந்தபோது, என் மாணவி ஒருத்தி உண்மையாகவே பயந்தாள். த்ரில்ட் என்றால் மிக மிகச் சந்தோஷம், அவ்வளவுதான். விஷயம் வந்து சேர்ந்த பின்னால் வருவது. வேலைக்கான கடிதம் வரப்போகிறது என்றால் எக்ஸைட்டட், கைக்கு வந்துவிட்டது என்றால் த்ரில்ட். இது கல்லில் வெட்டிய விதி கிடையாது, ஆனால் எழுதிப் பழகுகிற பிள்ளைக்கு நல்ல கைப்பிடி.

த்ரில் பழைய ஆங்கிலத்தில் துளைப்பது என்ற பொருளில் இருந்தது. நாஸ்ட்ரில் என்கிற மூக்குத் துளையில் பாதி இதே குடும்பம். ஊடுருவிப் போவது சிலிர்ப்பாக மாறியிருக்கிறது. இந்த வேர்க்கதைகள் கோபில்டில் கிடைக்காது, அதற்கு வேறு அகராதி பார்க்க வேண்டும். பிள்ளைகள் இதைக் கேட்டதும் எல்லோரும் ஒரே நேரத்தில் மூக்கைத் தொட்டுப் பார்த்தார்கள்.

அலுவலக ஆங்கிலத்தைப் பற்றி இரண்டு வரி. 'வீ ஆர் எக்ஸைட்டட் டு அனௌன்ஸ்' என்று நிறுவனங்கள் எழுதி எழுதி இந்தச் சொல்லைத் தேய்த்துவிட்டன. புது அலுவலகம் திறந்தாலும் அது, புது விலைப்பட்டியல் வந்தாலும் அது. என்னிடம் படித்துவிட்டு வேலைக்குப் போன பிள்ளைகளிடம் நான் கேட்டுக்கொள்வது, உங்களுக்கு உண்மையாகவே தூக்கம் போன விஷயத்துக்கு மட்டும் இந்தச் சொல்லைப் போடுங்கள், மற்றதுக்கு 'ஹாப்பி', 'பிளீஸ்ட்' இருக்கிறது. 'எக்ஸைட்டட் அபௌட்' என்று போட்டுப் பெயர்ச்சொல் எழுதுங்கள், 'எக்ஸைட்டட் டு' என்று போட்டு வினை எழுதுங்கள். இரண்டும் பழகிவிட்டால் முக்கால் கிணறு தாண்டியாகிவிட்டது.

யாருக்கு இந்தப் புத்தகம்? தமிழில் பொருள் வேண்டும் என்பவர்களுக்கு இல்லை. இதில் தமிழே கிடையாது. எளிய ஆங்கில வாக்கியத்தைத் தடுமாறியாவது படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். எட்டாவதுக்குக் கீழே உள்ள பிள்ளை என்றால் பக்கத்தில் ஒரு பெரியவர் உட்கார வேண்டும். எழுத்து பொடி, எனக்கு இப்போது கண்ணாடியோடு லென்ஸும் தேவைப்படுகிறது. ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறவர்கள், மொழிபெயர்க்கிறவர்கள், இன்டர்வியூவுக்குத் தயாராகிறவர்கள் கட்டாயம் வைத்துக்கொள்ளலாம். புதுப் பதிப்புகள் தொடர்ந்து வந்திருக்கின்றன. பழைய பதிப்பு நடைபாதையில் கிடைத்தாலும் தயங்க வேண்டாம், எக்ஸைட்டட் மாதிரிச் சொற்கள் இருபது வருடத்தில் மாறிவிடவில்லை. காசு செலவழிக்க முடியாதவர்கள் காலின்ஸ் அகராதித் தளத்தில் ஆங்கிலச் சொல்லைத் தட்டினால் கோபில்ட் வாக்கியங்களை இலவசமாகவே பார்க்கலாம். என் பெரிய பிள்ளைகள் போனில் அப்படித்தான் பார்க்கிறார்கள். சின்னவர்களுக்கு நான் புத்தகத்தைத்தான் கொடுக்கிறேன். ஒரு சொல்லைத் தேடிப் போகிற வழியில் நாலு சொல் கண்ணில் படும், எக்ஸைட்டடைத் தேடியவள், எளிதில் படபடத்துவிடுகிறவரைச் சொல்லும் எக்ஸைட்டபிளைப் பார்த்துவிட்டு "எங்க சித்தப்பா மிஸ் இது" என்பாள்.

ஒரு இடம் மட்டும் எனக்கு இன்னும் அடங்கவில்லை. எக்ஸைட்டட் என்பதற்கு இருப்புக் கொள்ளவில்லை என்று பென்சிலில் எழுதிவிட்டேன். எக்ஸைட்மென்ட் என்ற பெயர்ச்சொல்லுக்கு என்ன எழுதுவது? இருப்புக்கொள்ளாமை என்றால் யாரும் பேசாத சொல்லாகிவிடுகிறது. மொழிபெயர்ப்பு கொடுக்கும்போது ஓரிடத்தில் பரபரப்பு, ஓரிடத்தில் குதூகலம் என்று இடம் பார்த்துப் போடுகிறோம். அந்த ஓரம் பல வருடமாகக் காலியாக இருந்தது. போன வாரம் எட்டாவது படிக்கிற பையன் "துறுதுறுப்பு மிஸ்" என்றான். எழுதிவைத்திருக்கிறேன், பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு.